ஆடு எந்தப் பக்கம்?

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். எங்கள் திருத்தணியில் பல்லை மட்டுமல்ல, வாலையும் தூக்கிப் பார்ப்போம். அதிலும் அந்த வருஷங்களில் பார்க்காமல் விட்டிருந்தால்தான் அதிசயம்.

ஊர் எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்பதே அப்போது தீராத வழக்காக இருந்தது. காகிதத்தில் நாங்கள் ஆந்திரம், சித்தூர் ஜில்லா. கடைத்தெருவில் ஒரு கூட்டம் மதராஸ்தான் வேண்டும் என்று கொடி பிடித்தது. இன்னொரு கூட்டம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று வேறு கொடி பிடித்தது. ஒருவன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால்கூட, 'தண்ணி' என்றானா 'நீள்ளு' என்றானா என்று நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்குள் இரண்டையும் கலந்து பேசிக்கொண்டிருந்தவர்கள், வாசற்படி தாண்டியதும் ஒன்றை விழுங்கிக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்து எங்கள் ஊரில் பாலர் சங்கீத விளையாட்டுக் கழகம் ஆரம்பமாயிற்று.

தலைவர் நாராயணசுவாமி, பென்ஷன் வாங்கும் டிப்டி தாசில்தார். காரியதரிசி வைத்தீஸ்வரன், அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்து பழகியவர். இரண்டு பேரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள் என்பதை இரண்டு பேருமே நம்பவில்லை. ஆகையால் தலைவர் உட்கார்ந்தால் காரியதரிசி நிற்பார். கழகத்தின் நோக்கம் என்னவோ நல்ல நோக்கம்தான். சங்கீதத்தைப் பிள்ளைகளுக்குத் தொடையைக் கிள்ளிப் புகட்டாமல், விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்பது. சத்திரத்துக் கூடத்தில் சாயங்காலம் வகுப்பு. எந்த ஜாதிப் பிள்ளையும் வரலாம். காசு கிடையாது. மேற்கொண்டு, ஆளுக்கு ஒரு கை சுண்டலும் உண்டு.

சுண்டல் என்றதும் ஊர் உஷாராகிவிட்டது.

"பாட்டும் சொல்லித் தராங்களாம், சுண்டலும் குடுக்கறாங்களாம். இன்னாத்துக்குன்னு எவனாவது கேட்டீங்களா?" என்றான் டீக்கடை வீரபத்திரன். அவனே பதிலும் சொன்னான். "எந்தப் புள்ள எந்த பாசைல பாடுதுன்னு பாத்து மேல அனுப்பறதுக்குத்தான். அதை வெச்சித்தான் கோடு கிழிக்கப் போறான். நாளைக்கு உன் ஊட்டு நடுவுல கோடு போவும் பாரு. அடுப்பு அந்தப் பக்கம், ஆட்டுக்கல்லு இந்தப் பக்கம்."

இதைக் கேட்டுக்கொண்டு வெறும் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவன் வீராசாமி. மலையடிவாரத்தில் கொஞ்சம் மானாவாரி நிலம், அதில் வேர்க்கடலை, நாலைந்து ஆடு, மனைவி கோவிந்தம்மாள், ஒரே மகள் காஞ்சனா. இவ்வளவுதான் அவன் ராஜ்யம். அதற்கு நடுவில் கோடு போவதை அவன் கற்பனை செய்து பார்த்தான். ஆடுகள் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியவில்லை.

காஞ்சனாவுக்கு வயது எட்டு. அவள் எங்கே இருக்கிறாள் என்று வீராசாமி ஒரு நாளும் தேடியதில்லை, காதாலேயே பார்த்துக்கொள்வான். பள்ளிக்கூடம் விட்டதும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மலைச் சரிவுக்குப் போவாள். போகும்போது பாட்டு, மேய்க்கும்போது பாட்டு, திரும்பும்போது பாட்டு. கீழே கொல்லையில் களை பிடுங்குகிற வீராசாமி, பாட்டு வருகிற திக்கை வைத்து, 'பொண்ணு பாறைகிட்ட கீது', 'பொண்ணு எறங்கிடுச்சி' என்று தெரிந்துகொள்வான். அந்தப் பாட்டும் எவரும் கற்றுக்கொடுத்த பாட்டல்ல. அவளுக்கே ஆடு மேய்க்கையில் வந்தது.

மேக வச்செ மேக வச்செ
மேலக் கொல்லிக்கு
ஆகு மேசெ ஆகு மேசெ
அப்பன் சொல்லலே

மேக என்றால் அவள் அம்மா வீட்டுத் தெலுங்கில் ஆடு, ஆகு என்றால் இலை. ஆடு மேலக்கொல்லைக்கு வந்தது, இலையை மேய்ந்தது, அப்பன் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவுதான் பாட்டு. ஒரு வரி அம்மா பாஷை, ஒரு வரி அப்பன் பாஷை. கோவிந்தம்மாள் நகரிப் பக்கத்தில் பிறந்தவள். வீராசாமியின் மாமன் மகள்; அத்தானை அவள் பாஷையில் பாவா என்பாள்.

"பாவா, ஊரு சந்தேகப்பட்டா படட்டும்" என்றாள் அவள். "நம்ப பொண்ணு காலம் பூரா ஆட்டுகிட்டயே பாடிகினு இருக்கணுமா? மனுசங்களும் கொஞ்சம் கேக்கட்டுமே."

வீராசாமிக்கு சங்கீதம் கிட்ட வராது. ஒரு தரம் ஏர் ஓட்டும்போது ஏதோ உற்சாகத்தில் பாடப்போய், மாடு நுகத்தடியோடு படுத்துவிட்டது. அதிலிருந்து அவன் வாய் திறப்பதில்லை. ஆனால் மகள் குரல் அவனுக்குப் பிடிக்கும். கொண்டுபோய்ச் சேர்த்தான். சேர்த்துவிட்டு, சந்தேகத்தோடு சத்திரத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வாத்தியாரம்மா அகிலாண்டேஸ்வரி, மலைக்கோயில் மடைப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பத்துப் பெண். மதராஸில் பாட்டுப் படித்துவிட்டு வந்தவள். கூடத்தில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டாள். ஏழு கட்டம். ச, ரி, க, ம, ப, த, நி. பிள்ளைகள் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே, எந்தக் கட்டத்தில் கால் படுகிறதோ அந்த ஸ்வரத்தைப் பாட வேண்டும். தாளத்துக்குச் சுண்டல். கைத்தட்டு ஒன்றுக்கு ஒரு கடலை வாயில் போடலாம். தாளம் தப்பினால் அந்தக் கடலை பக்கத்துப் பிள்ளைக்கு. எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குப் பிடித்த ஆட்டம் கடைசி ஆட்டம். அகிலாண்டேஸ்வரி கட்டத்தில் நின்று பாடுவாள். நடுவில் வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தைக் கோணலாகப் பாடுவாள். உடனே பிள்ளைகள் "தப்பு! தப்பு! வெளிய வா!" என்று கத்தி, அவள் கையைப் பிடித்துக் கட்டத்துக்கு வெளியே இழுப்பார்கள். எப்போதும் முதலில் கத்துவது காஞ்சனா.

வீராசாமி ஒரு வாரம் ஜன்னலில் நின்று பார்த்தான். தப்பாக ஒன்றும் நடக்கவில்லை. அதனால் அவன் சந்தேகம் அதிகமாயிற்று.

"உள்ள வந்து உக்காருங்கோளேன்" என்றாள் அகிலாண்டேஸ்வரி ஒரு நாள். "உங்க பொண்ணுக்குக் காதுலேயே சுருதி இருக்கு, தெரியுமோ? யாராவது தப்பாப் பாடினா அவளால பொறுத்துக்க முடியாது. தூக்கத்துல கேட்டாக்கூட எழுந்து திருத்திடுவா."

"அது எங்க ஆத்தா வழிங்கம்மா" என்றான் வீராசாமி, கூச்சத்தோடு. "என் வழியில்ல. நான் பாடினா ஆடே ஓடிப்பூடும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவன் ரொம்ப சந்தோஷமாக இருந்தான். அவ்வளவு சந்தோஷப்பட்டது கழகத்துக்கு எப்படியோ தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

கழகத்தின் முதல் நிர்வாகக் கூட்டத்தில் கீர்த்தனைகள் விசாரணைக்கு வந்தன. பிள்ளைகள் கற்கிற கீர்த்தனைகள் தெலுங்கில் இருக்கின்றனவே, இதன் உள்நோக்கம் என்ன என்று ஒருவர் கேட்டார். சரி, தமிழில் வைத்துக்கொள்ளலாம் என்றதும், இந்த உள்நோக்கம் அதைவிட மோசம் என்றார் இன்னொருவர். சம்ஸ்கிருதம் என்றதும் இரண்டு பேருமே சேர்ந்து எதிர்த்து எழுந்து நின்றார்கள். நாராயணசுவாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"சங்கீதத்துக்குப் பாஷை கிடையாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது இதுவரை அமலுக்கு வராமலே இருந்துவிட்டது. இன்று முதல் நமது சங்கீதத்திலிருந்து பாஷை நீக்கப்படுகிறது. குழந்தைகள் ஸ்வரம் மட்டும் பாடுவார்கள்."

பிள்ளைகள் ஸ்வரம் மட்டும் பாடினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. குறை, பாண்டிக் கட்டத்தில் இருந்தது.

பிள்ளைகள் தெற்கிலிருந்து வடக்காக நொண்டுகிறார்கள் என்பதை வைத்தீஸ்வரன் கண்டுபிடித்தார். வடக்கே ஆந்திரம். ஆக, ஊர்ப் பிள்ளைகளை ஆந்திரத்துக்கு நொண்டப் பழக்குவதாக ஒரு தரப்பார் நினைக்க இடம் உண்டு. கட்டத்தைத் திருப்பிப் போட்டு, வடக்கிலிருந்து தெற்காக நொண்டவிட்டார்கள். அப்போது மறு தரப்பார் நினைக்க இடம் வந்தது. கிழக்கு மேற்காகப் போட்டுப் பார்த்தார்கள். கிழக்கே போனால் மதராஸ், மேற்கே போனால் சித்தூர். இது முன்னதைவிட ஆபத்து. கடைசியில், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கட்டத்தில் ஏறி, அங்கேயே அசையாமல் ஒற்றைக்காலில் நிற்பது என்று முடிவாயிற்று.

"இப்படி நின்னுண்டே இருந்தா இது விளையாட்டா, மாமா?" என்று கேட்டாள் அகிலாண்டேஸ்வரி.

"விளையாட்டுதாம்மா. யார் முதல்ல காலைக் கீழே வைக்கறான்னு பார்க்கலாமே" என்றார் நாராயணசுவாமி. "வெறும் ஓட்டம் மட்டும் இல்லே, அவ்வளவுதான். நீ சின்னப் பொண்ணு, நோக்கு நிர்வாகம் தெரியாது."

இதற்கு நடுவில் சுருதிப் பெட்டி மதராஸில் வாங்கியது என்று புகார் வந்து, அதன்மேல் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கிழித்தார்கள். எதை மறைப்பதற்காகக் கிழித்தார்கள் என்று அடுத்த புகார் வந்தது. கிழிந்த சீட்டைத் தேடிப் பிடித்து ஒட்டினார்கள். ஆனால் தலைகீழாக ஒட்டினார்கள், யாருக்கும் சாய்வு தெரியக் கூடாது என்பதற்காக.

ஒற்றைக்காலில் நிற்கிற பிள்ளைக்குப் பொழுது போக வேண்டாமா? ஒரு நாள் காஞ்சனா 'ப' கட்டத்தில் கொக்கு மாதிரி நின்றபடியே, தன்னையறியாமல் மேக வச்செ பாட ஆரம்பித்தாள். கேட்க நன்றாக இருந்தது. மற்றப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்து பாடினார்கள். கூடமே அந்த ஆட்டுப் பாட்டில் நிறைந்தது. அகிலாண்டேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு சுருதிப் பெட்டியை அமுக்கினாள். கதவுக்குப் பின்னால் வைத்தீஸ்வரன் நின்றார்.

மறுநாள் வீராசாமிக்கு ஆள் வந்தது.

கூடத்தில் தலைவர் நாற்காலியில் இருந்தார். காரியதரிசி நின்றார். வீராசாமி தோள் துண்டை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டான். என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாததால், எல்லாத் தப்பும் செய்தவன் மாதிரி முகம் வைத்துக்கொண்டான்.

"யாருய்யா அந்த ஆடு?" என்று ஆரம்பித்தார் நாராயணசுவாமி.

"எங்க ஆடுங்க சாமி. கறுப்பு. நெத்தில வெள்ளப் பொட்டு இருக்கும்."

"எங்கேருந்து வந்தது?"

"பள்ளிப்பட்டு சந்தைலேர்ந்து நான்தான் புடிச்சிகினு வந்தேங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பள்ளிப்பட்டுக்கு அந்தப் பக்கம் போனால் தகராறில் இல்லாத ஆந்திரமே வந்துவிடும்.

"எல்லை ஸார்" என்றார் வைத்தீஸ்வரன் மெதுவாக.

"மேலக்கொல்லைங்கறது?"

"நம்ப கொல்லிங்க."

"திருத்தணியிலே இருக்கா?"

"ஆங். திருத்தணியிலதான் கீது. வேற எங்க போவும்?"

"அதைத்தான் கேக்கறேன். அது வேற எங்கேயும் போயிடக் கூடாதுன்னு யாரோ நினைக்கறா. இல்லே, போகணும்னு நினைக்கறா." தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அதாவது, எல்லையிலேருந்து ஒரு ஆடு வரது. திருத்தணியை மேயறது. கேக்கறதுக்கு ஆள் இல்லே. இதுதானே பாட்டோட தாத்பரியம்?"

"ஆடு மேயறதுதாங்க தாத்பரியம்."

"இதை அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தா?"

"நான் சொல்லலீங்க, சாமி."

வைத்தீஸ்வரன் தூக்கிவாரிப் போட்டது போலத் துள்ளினார். "ஸார், பாட்டிலேயே இருக்கு, ஸார்! அப்பன் சொல்லலே!"

"கேட்டியா?" என்றார் தலைவர், ரொம்பத் துக்கத்தோடு. "அப்பன் சொல்லலேன்னு ஒரு குழந்தை தானாவே பாடுமா? அப்பன் சொல்லிக்குடுக்காம அதுக்கு எப்படித் தெரியும், அப்பன் சொல்லலேன்னு?"

வீராசாமி இதை மனசுக்குள் இரண்டு தரம் சுற்றிப் பார்த்தான். உள்ளே போக வழி இருந்தது. வெளியே வர வழி இல்லை.

"அவரை விட்டுடுங்கோ, மாமா. அது குழந்தைப் பாட்டு" என்றாள் சுருதிப் பெட்டி அருகே நின்ற அகிலாண்டேஸ்வரி.

"எல்லாமே குழந்தைப் பாட்டாத்தாம்மா ஆரம்பிக்கும்."

ஒரு வரி தெலுங்கு, ஒரு வரி தமிழ் என்று இருப்பதால் இந்தப் பாட்டு எந்தத் தரப்புக்கு விரோதம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே இரண்டு தரப்புக்கும் விரோதம் என்று முடிவு செய்யப்பட்டது. வகுப்பில் மட்டுமல்ல, வெளியிலும் காஞ்சனா அதைப் பாடக் கூடாது. பாடினால் என்ன ஆகும் என்று தலைவர் சொல்லவில்லை. தாசில் ஆபீசில் தமக்கு இன்னும் மரியாதை இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மேலக்கொல்லையின் நாலு மூலையும் வீராசாமி கண்முன் வந்து நின்றன.

அன்று சாயங்காலம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

"கண்ணு, இனிமே அந்தப் பாட்டு வாணாம்."

"வேற பாட்டு பாடவா, நைனா?"

"எதுவும் வாணாம். எது யாருக்கு இன்னான்னு நமக்குத் தெர்ல. வாய மூடிகினு இரு. பெரியவங்க சொல்ற மாதிரி கேளு."

அவள் தலையாட்டினாள். கழகத்துப் பிள்ளை அல்லவா, சொன்னபடி கேட்டாள்.

இதற்கப்புறம் கழகம் வெகு வேகமாக முன்னேறியது. கரும்பலகையில் ஸ்வரங்களை எந்த எழுத்தில் எழுதுவது என்ற தகராறில் ஸ்வரப் பெயர்கள் நீக்கப்பட்டன. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு ராகத்தை மட்டும் முனகினார்கள். முனகலில் கடைத்தெரு ஊர்வலத்து மெட்டு கேட்பதாக ஒருவருக்குச் சந்தேகம் வந்தது, முனகல் போயிற்று. தாளம் மட்டும் போடட்டும் என்றார்கள். கை தட்டினால், எந்தத் தரப்புக்காகக் கை தட்டுகிறார்கள் என்று கேள்வி வந்தது. கடைசியில், விரல்களை மட்டும் சத்தமில்லாமல் மடக்கி எண்ணிக்கொண்டு மனசுக்குள் பாடுவது என்ற உயர்ந்த நிலைக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சுண்டலும் நின்றுவிட்டது. மெல்லுகிற வாயில் எது பாட்டு, எது கடலை என்று மேற்பார்வை செய்ய முடியவில்லையாம்.

ஊருக்கு இப்போது பழைய சந்தேகம் தீர்ந்து புதுச் சந்தேகம் வந்தது. "அவ்ளோ புள்ளைங்க உள்ள கீது, ஒரு சத்தமும் இல்லியே. உள்ள இன்னாதான் நடக்குது?" என்றான் வீரபத்திரன்.

வீராசாமி வீட்டிலும் சத்தம் இல்லை. காஞ்சனா பாத்திரம் துலக்கினாள், விரல் மடங்கியது. சாணி தட்டினாள், விரல் மடங்கியது. கேட்டதற்குத் தலையாட்டுவாள், வாய்ப் பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. கொல்லையில் குனிந்திருக்கிற வீராசாமி பழக்கதோஷத்தில் காதைத் தூக்குவான். மலையில் காற்று மட்டும் வரும். எழுந்து நின்று, கண்ணுக்குக் கையை வைத்துத் தேடுவான். ஒரு தரம் தேடிவிட்டுக் குனிந்தால் மறுபடி பயம் வரும், மறுபடி எழுந்திருப்பான். களை அப்படியே கிடந்தது.

"பாவா, ஊடு எழவு உழுந்த ஊடு மாதிரி கீது" என்றாள் கோவிந்தம்மாள். "பாடற புள்ளையப் பாட்டு கத்துக்கன்னு அனுப்பி ஊமையாக்கிட்டோமே." சொல்லிவிட்டு அழுதாள். வாயை மூடிக்கொள் என்று சொன்னது கழகம் மட்டுமல்ல, தானும்தான் என்பது வீராசாமி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

ஆண்டுவிழா வந்தது. ஒரு பக்கத்துப் பிரமுகரைக் கூப்பிட்டால் மறு பக்கம் சந்தேகப்படும் என்று, சித்தூரிலிருந்து ஒருவரையும் மதராஸிலிருந்து ஒருவரையும் அழைத்தார்கள். இரண்டு நாற்காலியையும் வைத்தீஸ்வரன் முழம் போட்டுப் பார்த்து, ஒன்றின் காலில் அட்டை வைத்தார். மாலைகளைத் தராசில் நிறுத்தார்கள். பிறகு பிள்ளைகள் மேடை ஏறி வரிசையாக உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கச்சேரி செய்தார்கள். கூடத்தில் பல்லி கத்துவது கேட்டது. பிள்ளைகளின் விரல்கள் மட்டும் மடங்கி மடங்கி விரிந்தன. மதராஸ் பிரமுகர், பிள்ளைகள் மனசுக்குள் தெலுங்கில் பாடுகிறார்களோ என்று முன்னால் சாய்ந்து பார்த்தார். சித்தூர் பிரமுகர், தமிழில் பாடுகிறார்களோ என்று அதைவிட முன்னால் சாய்ந்தார். முடிந்ததும் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஜனங்கள் காரியதரிசி முகத்தைப் பார்த்தார்கள்.

நாராயணசுவாமி எழுந்தார்.

"மகா ஜனங்களே! மற்ற ஊர்களில் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிறார்கள். விளைவு என்ன? குழந்தைகள் பாடுகிறார்கள். பாடினால் ஒருவன் நன்றாயிருக்கிறது என்பான், ஒருவன் நன்றாயில்லை என்பான். பிளவு! நமது கழகத்தில் ஆரம்ப நாள் முதல் இன்றுவரை, அதோ அந்த ஆடு சம்பந்தப்பட்ட ஒரே ஒரு துர்ச்சம்பவம் நீங்கலாக, எந்தக் குழந்தையும் பாடியதாகப் புகாரே கிடையாது. விளையாட்டாகச் சொல்லிக்கொடுப்போம் என்றோம். விளையாடுகிறார்கள், ஓடவில்லை, சிரிக்கவில்லை, ஒருவருக்கும் அடிபடவில்லை. சங்கீதம் முழுக்க முழுக்கப் பத்திரமாக உள்ளேயே இருக்கிறது. அடுத்த வருஷம் மனசுக்குள் பாடுவதையும் எப்படி மேற்பார்வை செய்யலாம் என்று ஆராய ஓர் உபகமிட்டி போட்டிருக்கிறோம்."

இதற்கு இரண்டு பிரமுகர்களும் ஒரே சமயத்தில் கை தட்டினார்கள். அந்த வருஷம் இரண்டு ராஜ்யமும் ஒத்துப்போன விஷயம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

முதல் பரிசு காஞ்சனாவுக்கு. உதடுகூட அசையவில்லையாம். வெள்ளி மாதிரி ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, சிரிக்காமல் இறங்கினாள். அகிலாண்டேஸ்வரி அன்றைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள். அது தமிழில் இருந்ததால் பரிசீலனையில் வைத்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் காஞ்சனா ஆட்டை ஓட்டிக்கொண்டு மலைச் சரிவுக்குப் போனாள். பொழுது இறங்கியது. ஆடுகள் தாமாகக் கொட்டகைக்கு வந்துவிட்டன. நெற்றியில் வெள்ளைப் பொட்டு வைத்த கறுப்பு ஆட்டையும் காணோம், காஞ்சனாவையும் காணோம்.

வீராசாமி கம்பை எடுத்துக்கொண்டு ஓடினான். "காஞ்சனா! ஏ காஞ்சனா!" என்று சரிவெல்லாம் கத்தினான். அவன் கத்தல்தான் பாறையில் மோதித் திரும்பி வந்தது. வழக்கமாக அவள் உட்காரும் பாறையில் இல்லை. சப்பாத்திக் கள்ளிப் புதருக்குப் பின்னால் இல்லை. மேலே கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. படிக்கட்டுப் பக்கம் ஜனங்கள் இறங்குகிற பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் சத்தம் மட்டும் இல்லை. பாம்பு, பள்ளம், பாழுங்கிணறு என்று ஒவ்வொன்றாக அவனுக்கு ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் இந்த மலையில் எங்கே இருந்தாலும் அவள் இருக்கிற இடம் காதில் விழும். இப்போது மலை முழுக்கத் தேட வேண்டியிருந்தது.

கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பாறைமேல் ஏறி நின்று, வீராசாமி பாடினான்.

"மேக வச்செ... மேக வச்செ... மேலக் கொல்லிக்கூ..."

இதைப் பாட்டு என்று சொன்னால் கழகத்துக்குக்கூடக் கோபம் வரும். 'கொல்லி'யில் குரல் எங்கோ ஏறியது. 'கூ'வில் வேறெங்கோ போய் விழுந்தது. புதரிலிருந்து இரண்டு கௌதாரி எழுந்து பறந்தன. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விடாமல் பாடினான். "ஆகு மேசெ... ஆகு மேசெஏ..."

"தப்பு!"

பாறைக்குக் கீழே, இடுக்கிலிருந்து வந்தது குரல்.

"தப்பு, நைனா! தப்பு! வெளிய வா!"

அதோடு நிற்கவில்லை. அவன் கெடுத்த வரியை அப்படியே எடுத்து, சுருதி சுத்தமாக, மலை கேட்கப் பாடிக் காட்டினாள்.

வீராசாமி உருண்டு புரண்டு கீழே இறங்கினான். பாறை இடுக்கில் காஞ்சனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கறுப்பு ஆடு நாக்கால் நக்கிக்கொண்டிருந்தது, அப்போதுதான் போட்ட குட்டியை. குட்டிக்கு இன்னும் நிற்கத் தெரியவில்லை.

"ஏண்டி கண்ணு, நான் எவ்ளோ நேரமா கத்திகினு கீறேன்! காதுல உழலியா?"

"உழுந்திச்சி நைனா. நான் பதில் சொல்லிகினுதான் இருந்தேன்."

"எங்கடி சொன்ன?"

"மனசுக்குள்ள" என்றாள் காஞ்சனா. விரல்களை மடக்கிக் காட்டினாள்.

வீராசாமி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். "பாடு, கண்ணு. எவன் வந்து கேக்கறான்னு பாக்கறேன். எந்தப் பக்கம் போனாலும் போவட்டும் அந்தக் கொல்லி. நீ பாடு."

அவள் பாடினாள். இத்தனை நாள் சேர்த்து வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது. வீராசாமி குட்டியைத் தூக்கித் துண்டில் சுற்றிக்கொண்டான். தாய் ஆடு காலை உரசிக்கொண்டே கூட வந்தது. காஞ்சனா முன்னால் ஓடினாள்.

படிக்கட்டு அருகே வந்ததும் ஒரு குடை அவர்களை மறித்தது. குடைக்குப் பின்னால், நெற்றி நிறைய விபூதியோடு வைத்தீஸ்வரன்.

"நில்லுய்யா. மலைமேல யாரோ பாடற சத்தம் கேட்டது. அந்தப் பாட்டு மாதிரி இருந்தது. யார் பாடினது?"

காஞ்சனா நிற்கவில்லை, மேக வச்செ என்று பாடிக்கொண்டே படி தாண்டிப் போய்விட்டாள். வைத்தீஸ்வரன் அவளைப் பார்த்தார். பிறகு வீராசாமியைப் பார்த்தார்.

"ஆடு பாடிச்சிங்க" என்றான் வீராசாமி.

"எந்த ஆடு?"

வீராசாமி துண்டைப் பிரித்தான். குட்டியை எடுத்து அவர் கையில் வைத்தான். ஈரம் இன்னும் காயவில்லை.

"இதாங்க. இப்பதான் பொறந்துச்சி. எந்தப் பக்கம்னு நீங்களே வெசாரிச்சிக்குங்க. நான் ஒன்னும் சொல்லிக் குடுக்கலீங்க."

குடை நழுவிக் கீழே விழுந்தது. வைத்தீஸ்வரன் குட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். குட்டி வாயைத் திறந்து, தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கத்தியது. தாய் ஆடு பதிலுக்குக் கத்திக்கொண்டு அவர் வேட்டியைக் கடித்து இழுத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. காதைக் குட்டியின் வாய்ப் பக்கம் சாய்த்து, இது எந்த ஊர் உச்சரிப்பு என்று கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.